மதுரை ஆபரேட்டர் ஐயாவுக்கு நன்றி

தங்கம் தியேட்டர் 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்தது மதுரையில் எல்லாருக்கும் தெரியும். அந்தக் காலத்து ஆபரேட்டர் ரூமில் வேலை எப்படி நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு அத்தனையையும் பொறுமையாக விளக்கிய பெரியவருக்கு எங்கள் மனமார்ந்த நன்றி.

படம் ஓட்டும் மெஷின் இரண்டு. 2,000 அடி ரீல் சுமார் 22 நிமிடம் ஓடும். முடிய எட்டு நொடி இருக்கையில் திரையின் வலது மேல் மூலையில் புள்ளி மின்னும்; உடனே அடுத்த மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். கடைசி நொடியில் இரண்டாவது புள்ளி. அப்போது திரையில் விழும் படத்தை அடுத்த மெஷினுக்கு மாற்ற வேண்டும். இதற்கு நடுவே மெஷினுக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சிகளையும் கவனிக்க வேண்டும். எரிய எரிய இடைவெளி கூடி, திரை மங்கி, விட்டால் அணைந்தே போகும்.

வாயசைவும் வசனமும் ஒட்டாமல் போவதற்கு அவர் சொன்ன காரணம் அருமை. ஃபிலிமில் ஒலி, படத்துக்கு 20 ஃப்ரேம் முன்னால் பதிவாகியிருக்கும். ஃபிலிம் மேல் வெளிச்சம் விழும் இடமான கேட்டுக்கும், அதற்குக் கீழே ஒலியைப் படிக்கும் இடத்துக்கும் நடுவே தளர்வாக விடும் ஃபிலிம் வளைவான லூப் பெரிதானால் வசனம் பிந்தும், சிறிதானால் முந்தும். ரொம்ப இறுகினால் ஓரத்துத் துளைகளே கிழியும். பிரிண்ட்டைக் குறை சொல்லுமுன் லூப்பைப் பாருங்கள் என்றார்.

பழைய ரீல் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொன்னார்: டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அந்த ரீலைத் தனியே பிரித்து வையுங்கள். மற்றவற்றோடு வைத்தால் அவையும் கெடும்.