கியர்பாக்ஸ் சத்தத்தைப் பிடித்துக் கொடுத்தவர்களுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

நான் கட்டும் ரிமோட் லாரி ஓடுகிறது! மூன்று கியரிலும், பாரம் ஏற்றியும் ஏற்றாமலும். உங்களில் பலருக்குத் தனித்தனியாக நன்றி சொல்லிவிட்டேன், ஆனாலும் எல்லோரும் பார்க்கும்படி ஒருமுறை எழுதாவிட்டால் மனசு ஆறாது. யார் என்ன சொன்னார்கள், அதனால் என்ன சரியானது என்று விவரமாகவே எழுதுகிறேன், இதே சத்தத்தோடு உட்கார்ந்திருக்கும் இன்னொருவருக்கு உதவும்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1:14 அளவில் ஒரு ரிமோட் லாரி கட்டுகிறேன். மூன்று அச்சு, பின்னால் இருக்கும் இரண்டு அச்சும் இழுக்கும். 540 அளவு மோட்டார், மூன்று வேக கியர்பாக்ஸ், கியர் மாற்றுவதற்குத் தனியாக ஒரு சர்வோ (ரிமோட் சொல்கிற கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சின்ன மோட்டார்). கியர்பாக்ஸை சேசிஸில் பூட்டி முதல்முறை ஓடவிட்டதும் ஒரு கூச்சல் கிளம்பியது. ஊளையும் கரகரப்பும் கலந்து, பக்கத்து அறையில் இருப்பவர்கள் எழுந்து வந்து பார்க்கிற அளவுக்கு. இந்த வகை கியர்பாக்ஸில் கொஞ்சம் சத்தம் இருக்கத்தான் செய்யும், அது எனக்கும் தெரியும். இது அந்தச் சத்தம் இல்லை.

முதல் நன்றி, எந்த மருந்தும் சொல்லாமல் கேள்வி மட்டும் கேட்ட அண்ணனுக்கு. "சத்தம் எதோட சேர்ந்து ஏறி இறங்குது? மோட்டார் வேகத்தோடவா, சக்கர வேகத்தோடவா, இல்ல ஏதோ ஒரு கியர்ல மட்டுமா?" என்று கேட்டார். அதற்குப் பதில் கிடைக்கும்வரை புதிதாக கிரீஸ் வைக்கக் கூடாது, வைத்தால் சத்தம் அமுங்கும், காரணம் உள்ளேயே உட்கார்ந்திருக்கும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனக்கு இதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை. எந்தக் கியரில் போட்டாலும் மோட்டார் வேகத்தோடு மட்டும் ஒரு சத்தம் ஏறினால் அது மோட்டார் பினியனும் (மோட்டார் அச்சில் இருக்கும் சின்னப் பல்சக்கரம்) அது கடிக்கும் முதல் பல்சக்கரமும். ஒரு கியரில் மட்டும் கேட்டால் அந்தக் கியரின் ஜோடியோ அதை நகர்த்தும் ஃபோர்க்கோ. சக்கரத்தோடு சேர்ந்து வேகம் மாறினால் கியர்பாக்ஸுக்கு வெளியே, ஷாஃப்ட்டிலோ, அச்சின் நடுவில் இருந்து இரு பக்கச் சக்கரத்தையும் சுற்றும் டிஃபரன்ஷியலிலோ தேட வேண்டும். இப்படிப் பிரித்துக் கேட்டபோதுதான் என்னிடம் இருந்தது ஒரு சத்தம் இல்லை, மூன்று என்று புரிந்தது. ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்ததால் காது அதை ஒன்றாகவே எடுத்துக்கொண்டது.

கியர்பாக்ஸை சேசிஸிலிருந்து கழற்றிக் கையில் பிடித்து ஓடவிடச் சொன்னதும் அவர்தான். அலுமினியச் சட்டம் வீணைக் குடம் மாதிரி வேலை செய்கிறது, உள்ளே இருக்கும் சின்ன உரசலைக்கூடப் பெரிதாக்கிக் காட்டுகிறது. கழற்றியதும் பாதி இரைச்சல் குறைந்தது, மீதி எங்கிருந்து வருகிறது என்று காதுக்குத் தெளிவாகத் தெரிந்தது. மோட்டாரைத் தனியாகக் கழற்றிச் சுற்றவிட்டோம், அது சுத்தம். ஆக ஊளை பினியன் பக்கம்தான்.

அடுத்து, சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லி அதன் அதிர்வெண்களைப் பிரித்துப் பார்த்த தம்பிக்கு. படிப்புக்கு நடுவில் எனக்காக உட்கார்ந்து பார்த்தார். அவர் சொன்ன கணக்கு எளிமையானது. மோட்டார் நிமிடத்துக்கு 6000 சுற்று, பினியனில் 10 பல் என்றால், நொடிக்கு 100 சுற்று, 1000 தடவை பல் கடிக்கிறது, 1000 ஹெர்ட்ஸில் ஊளை கேட்கும். ஒரு பல் உடைந்திருந்தாலோ பெரிய பல்சக்கரம் கோணலாக இருந்தாலோ அந்த ஊளை ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை ஏறி இறங்கும். என் பதிவில் அது ஒரே சீராக இருந்தது. "பல்சக்கரத்தை மாத்தாதீங்க, அது நல்லாத்தான் இருக்கு" என்றார். புதிதாக ஒரு செட் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன், அந்தச் செலவு மிச்சம்.

அப்புறம் ஐயா. பெரிய லாரிகளின் கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் வாழ்நாள் முழுக்கப் பிரித்துப் பூட்டியவர், இந்தச் சின்ன லாரியையும் அதே மரியாதையோடு அணுகினார், அது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. டிஃபரன்ஷியல் செட் பண்ணும்போது பல்லில் சாயம் பூசி எங்கே கடிக்கிறது என்று பார்ப்பார்களாம், அதையே இதிலும் செய்யச் சொன்னார். பெரிய பல்சக்கரத்தின் பற்களில் மார்க்கர் மையைத் தடவி, கையால் மெதுவாகச் சுற்றினேன். மை பல்லின் அகலம் முழுக்க அழியவில்லை. மோட்டார் பக்கத்து ஓரத்தில் மட்டும் நூல் மாதிரி ஒரு கோடு பளிச்சென்று தெரிந்தது, மற்ற இடமெல்லாம் பூசியபடியே இருந்தது. "மோட்டார் சாஞ்சிருக்கு தம்பி, அடியில என்னமோ தூக்குது, கழட்டிப் பாருங்க" என்றார். மோட்டார் பூட்டும் தகட்டில், ஸ்க்ரூ துளையைச் சுற்றி ஒரு பிசிறு. கண்ணுக்குச் சட்டென்று படாது, நகத்தை வைத்து இழுத்தால் தட்டுகிறது. பெரிய ட்ரில் பிட்டைக் கையாலேயே துளைமேல் வைத்துத் திருப்பிப் பிசிறை எடுத்துவிட்டு மறுபடி மை பூசிப் பார்த்தால், பல்லின் முழு அகலத்துக்கும் கடி விழுந்திருந்தது.

பல்லுக்குப் பல் இடைவெளி வைக்கும் முறையையும் அவரே சொல்லித் தந்தார். மெல்லிய காகிதத் துண்டை நடுவில் கொடுத்து மோட்டாரை இறுக்கி, சுற்றி வெளியே எடுத்தால் காகிதம் மடிந்து வரவேண்டும், கிழிந்து வரக்கூடாது. இதைப் பலரும் சொல்வார்கள். ஐயா சேர்த்துச் சொன்னது, பெரிய பல்சக்கரத்தை ஒரு முழுச் சுற்றும் சோதித்து, எங்கே அதிகம் இறுகுகிறதோ அந்த இடத்தை வைத்து இடைவெளியை முடிவு பண்ண வேண்டும் என்பது. எந்தப் பல்சக்கரமும் நூற்றுக்கு நூறு வட்டம் கிடையாது.

தன்னிடம் உபரியாக இருந்த 1150 என்ற அளவு பேரிங் செட்டை (உள் விட்டம் 5, வெளி விட்டம் 11, தடிமன் 4 மி.மீ.) அனுப்பி வைத்த நண்பருக்கும் நன்றி. கூடவே 0.1, 0.2 மி.மீ. ஷிம் வாஷர்களும் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய வளையங்கள்) இருந்தன, அவை இல்லாமல் ஷாஃப்ட்டின் முன்பின் ஆட்டத்தைக் குறைத்திருக்கவே முடியாது.

இரண்டாவது கியரில் மட்டும் வந்த கரகரப்பு வேறு கதை. மோட்டாரை நிறுத்தின பிறகும் சர்வோ முனகிக்கொண்டே இருக்கிறதா என்று அதே அண்ணன் கேட்டார். ஆமாம், முனகியது. இரண்டாவது கியருக்கான நடு நிலையில் சர்வோ சரியாக நடுவில் நிற்கவில்லை, அதனால் ஃபோர்க் நகரும் பல்சக்கரத்தின் பக்கவாட்டில் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. தலையில் 25 பல் உள்ள சர்வோவில், அதில் மாட்டும் நெம்புக் கையை ஒரு பல் தள்ளிப் பூட்டினால் 14.4 டிகிரி மாறும், அது அதிகப்படி, மீதியை ரிமோட்டில் சப் ட்ரிம் (சர்வோவின் நடு நிலையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும் வசதி) வைத்துத் திருப்ப வேண்டும். அதைச் செய்ததும் முனகலும் நின்றது, கரகரப்பும் நின்றது.

கடைசியாக அக்காவுக்கு. சக்கரத்தோடு சேர்ந்து வந்த அதிர்வுக்கு எல்லோரும் கியர்பாக்ஸையே சந்தேகப்பட்டபோது, கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் பக்கவாட்டிலிருந்து படம் எடுத்து அனுப்பச் சொன்னார். படத்தைப் பார்த்த உடனேயே பதில். ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் இருக்கும் கவை ஒன்றுக்கொன்று 90 டிகிரி திரும்பியிருக்கிறது என்றார். அந்தக் கவை சேரும் மூட்டுதான் யுனிவர்சல் ஜாயின்ட், அது மடங்கிச் சுற்றும்போது ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். இரு முனைக் கவையும் ஒரே வாட்டத்தில் இருந்து, இரு பக்கக் கோணமும் சமமாக இருந்தால் ஒன்று செய்வதை மற்றது சரிக்கட்டிவிடும், திரும்பியிருந்தால் இரண்டும் சேர்ந்து ஆட்டும். உருவி, 90 டிகிரி திருப்பிச் சொருகினேன், அவ்வளவுதான்.

இப்போது பற்களில் மெல்லிசாக கிரீஸ் வைத்துச் சேசிஸில் பூட்டியாகிவிட்டது. ரிவர்ஸில் மட்டும் லேசாக ஒரு ஊளை பாக்கி இருக்கிறது. பல்லின் மறுபக்கம் இன்னும் பழகவில்லை, ஓட ஓடக் குறையும் என்கிறார் ஐயா. அடுத்து ட்ரெய்லரை மாட்டி மேட்டில் ஏற்றப் போகிறேன், அந்தச் சத்தத்தையும் பதிவு செய்து அனுப்புகிறேன், தம்பி கேட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.