என் கடை பெஞ்சும் மாடி ஜோசியரும்

பாலக்கோடு

அன்பு மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. வாட்ஸ்அப்பில் நாலு வரி தட்டி விடுகிற ஆள், இந்த முறை நாலு பக்கம் எழுதியிருக்கிறாய் என்றதும் கோபம் எவ்வளவு என்று புரிந்துவிட்டது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலிதான் தொந்தரவு. மற்றபடி வேளாவேளைக்குக் களி சாப்பிடுகிறாள், என்னைத் திட்டுகிறாள். தக்காளி போன வாரம் ஏறியது, இந்த வாரம் கேட்பாரில்லை. கடையில் கடன் நோட்டு தடித்துக்கொண்டே போகிறது.

சரி, உன் பையன் விஷயம். பெங்களூரில் அவ்வளவு பெரிய வேலையில் இருப்பவன், இருக்கிற இடத்திலேயே இருப்பதா, வேறு கம்பெனிக்கு மாறுவதா என்று போனில் நிமிஷத்துக்கு இவ்வளவு எனக் காசு கட்டி ஜோசியரிடம் கேட்டிருக்கிறான். கார்டு பில்லைப் பார்த்து உனக்குத் தலை சுற்றியிருக்கிறது. ‘இன்ஜினியரிங் படித்தவன் இதைப் போய் நம்பலாமா’ என்கிறாய். அவன் நம்பித்தான் போனான் என்று நீ எப்படி முடிவு கட்டினாய்?

என் கடைக்கு மேல் மாடியில் ஜோசியர் குடிவந்து வெகுகாலம் ஆகிறது. மேலே நாலு பேர் உட்காரத்தான் இடம். மிச்சப் பேர் என் கடை பெஞ்சில் காத்திருப்பார்கள். ஜாதக நோட்டை மஞ்சள் பையில் போட்டு மடியில் வைத்தபடி என்னிடம் பேச்சுக் கொடுப்பார்கள். ஏறும்போது ஒரு முகம், இறங்கும்போது ஒரு முகம். எதிர்காலத்தைத் தெரிந்துகொள்கிற ஆசையில் வந்தவர்கள் அதில் ரொம்பக் குறைவு. பாதிப் பேர் முடிவை வீட்டிலேயே எடுத்துவிட்டு வருகிறவர்கள். மீதிப் பேருக்கு, படுகிற கஷ்டம் எப்போது முடியும் என்று யாராவது ஒரு தேதி சொல்ல வேண்டும்.

மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு விவசாயி. ஆயிரம் அடிக்குப் போர் போட்டும் புகைதான் வந்தது. அதற்கு வாங்கிய கடனே அடையவில்லை, இரண்டாவது போர் போடுவதா வேண்டாமா என்று கேட்க வந்தார். தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்க்கிறவரையும் கூட்டி வந்து காட்டிவிட்டாராம், கருவி வைத்துப் பார்க்கிறவரையும் கூப்பிட்டாராம். இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையைக் காட்டினார்கள். மாடி ஜோசியர் கட்டத்தைப் பார்த்து, ‘சனி திசையில கேது புத்தி ஓடுது. மொத்தம் ஒரு வருஷம் ஒரு மாசம் 9 நாள். அதுல பெரும்பகுதி ஓடிப் போச்சு, இன்னும் நாலு மாசம் பொறு’ என்றாராம். (திசை என்பது ஒரு கிரகம் ஆளுகிற வருஷக்கணக்கு, புத்தி அதற்குள் வருகிற ஒரு சின்னப் பகுதி.) மனுஷன் இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ வாங்கிக் குடித்தார். நாலு மாசம் சும்மா இருக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது. வீட்டில் மச்சினன்கள், ‘போரைப் போடு, போடு’ என்று நெருக்கிக்கொண்டிருந்தார்களாம். இனி அவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. வங்கிக்காரன் அவருக்குத் தவணைத் தேதியை மட்டும்தான் சொல்கிறான்.

இதில் அறிவியல் இருக்கிறதா என்று நீ ஒரு பக்கம் முழுக்க வாதாடியிருக்கிறாய். உன் பக்கம்தான் நானும். வானியல் விஞ்ஞானி நார்லிக்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் புனேயில் ஒரு சோதனை வைத்தார்கள், 2009-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் அது வந்தது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் 100 பேர், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் 100 பேர், இவர்களுடைய ஜாதகங்களைக் கலந்து ஒரு ஜோசியருக்கு 40 வீதம் கொடுத்து, எது எந்த வகை என்று பிரிக்கச் சொன்னார்கள். பதில் அனுப்பிய 27 பேரும் சரியாகச் சொன்னது சராசரி 46 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். இதை நான் ஜோசியரிடமே சொல்லிப் பார்த்தேன். மனுஷனுக்குக் கோபம் வரவில்லை. ‘பொறந்த நேரம் சரியா இருந்திருக்காது சார்’ என்றார்.

அது ஒரு நல்ல தப்பிக்கிற வழி, ஆனால் முழுப் பொய்யும் இல்லை. லக்னம், அதாவது பிறக்கும்போது கிழக்கில் உதிக்கிற ராசி, ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாறிவிடும். நம் அப்பன் பாட்டன் காலத்தில் வீட்டில் பிரசவம், சுவரில் கடிகாரம் ஏது? ‘ஆடு மேய்ச்சலுக்கு ஓட்டுற நேரம் பொறந்தான்’ என்று ஒரு பாட்டி சொல்வாள், அதை வைத்து லக்னம் குறித்து, அதே நேரத்துக்குச் சந்திரன் நின்ற நட்சத்திரத்தை வைத்து, திசையில் இன்னும் எவ்வளவு பாக்கி என்று கணக்குப் போட்டு, நாள் வரைக்கும் துல்லியமாக எழுதிவிடுவார்கள். விவசாயிக்குச் சொன்ன அந்த 9 நாளில் எனக்கு எப்போதும் ஒரு சிரிப்பு உண்டு.

அப்புறம் பஞ்சாங்கச் சண்டை. திருக்கணிதம், வாக்கியம் என்று இரண்டு விதப் பஞ்சாங்கக் கணக்கு. திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி 2025 மார்ச் 29. வாக்கியப்படி 2026 மார்ச்சில்தான் என்று திருநள்ளாறு கோயிலே அறிவித்துவிட்டது. ஆகாயத்தில் இருப்பது ஒரே சனி, இடையில் கிட்டத்தட்ட ஒரு வருஷம். என் வாடிக்கைக்காரர் ஒருவர் மகர ராசி, சனி மீனத்துக்குப் போனால் இவருக்கு ஏழரைச் சனி விடும். அவர் வீட்டம்மா மேஷ ராசி, அதே நாளில் அந்த அம்மாவுக்கு ஏழரை பிடிக்கும். என்ன செய்தார் தெரியுமா? தனக்குத் திருக்கணிதம், வீட்டம்மாவுக்கு வாக்கியம் என்று வைத்துக்கொண்டார்! கேட்டால், ‘ரெண்டுமே பஞ்சாங்கம்தானே’ என்கிறார். இந்த மனுஷனைப் போய் மூடநம்பிக்கைக்காரன் என்று எப்படித் திட்டுவது? அவருக்குத் தேவையானதை எடுத்துக்கொள்கிறார்.

கல்யாணப் பேச்சில் ஜாதகம் செய்கிற வேலை உன்னை மாதிரி சென்னைக்காரனுக்கு மறந்துபோயிருக்கும். இங்கே பெண் எடுப்பதும் கொடுப்பதும் பெரும்பாலும் சுற்றிவளைத்துச் சொந்தத்தில்தான். ‘உன் பையனைப் பிடிக்கவில்லை’ என்று வாய்விட்டுச் சொன்னால் அடுத்த திருவிழாவில் எப்படி முகத்தில் விழிப்பது? ‘ரஜ்ஜுப் பொருத்தம் தட்டுதுங்க’ என்று ஒரு வார்த்தை போதும், இரண்டு வீட்டுக்காரர்களும் காபி குடித்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள், பகை இல்லை. மாடி ஜோசியர் நோட்டைப் பிரிப்பதற்கு முன்னால் தாயாரைப் பார்த்து, ‘உங்களுக்கு மனசுக்குப் பிடிச்சிருக்காம்மா?’ என்று கேட்பாராம். பதில் வருகிற சுருதியிலேயே பாதிப் பொருத்தம் அவருக்குத் தெரிந்துவிடும். ஒரு தடவை ஒரு பெண்ணே முன்கூட்டித் தனியாக வந்து, ‘இந்த இடம் வேண்டாம், அப்பா வர்றப்ப நீங்களே சொல்லிடுங்க’ என்று சொல்லிவிட்டுப் போயிற்று. அவரும் சொன்னார். அவர் செய்த காரியங்களில் எனக்குப் பிடித்தது அதுதான்.

ஆனால் இதே நோட்டு எத்தனை பெண்களை முப்பத்தைந்து வயது வரை வீட்டில் உட்கார வைத்திருக்கிறது என்பதையும் இந்த பெஞ்சில்தான் பார்க்கிறேன். மூல நட்சத்திரத்தில் பிறந்துவிட்டால் மாமனாருக்கு ஆகாது என்று ஒதுக்குகிறார்கள். செவ்வாய் தோஷத்தை எடுத்துக்கொள். லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம். வீடுகளே மொத்தம் 12. அப்படியென்றால் ஏறக்குறைய 12 பேரில் 5 பேருக்கு தோஷம். சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் சேர்த்து எண்ணிப் பார்க்கிறவர்களிடம் போனால் பத்துக்கு எட்டுப் பேர் மாட்டுவார்கள். அதனால்தான் விதிவிலக்குகளையும் வண்டி வண்டியாக வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குப் பிடித்த பெண்ணுக்கு ஒரு விதிவிலக்கு கிடைத்துவிடுகிறது. ஏழை வீட்டுப் பெண்ணுக்கு யாரும் தேடுவதில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு வயிறு எரிகிறது. பரிகாரம் என்று ஐம்பதாயிரம், ஒரு லட்சம் கறக்கிறவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது பச்சைத் திருட்டு. தேய்பிறை அஷ்டமிக்கு அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலில் பூசணிக்காயில் விளக்கு ஏற்ற ஊர்ப்பட்ட சனம் வருகிறது. அங்கே ஒரு பூசணிக்காய்ச் செலவோடு போகிறது, மனசும் லேசாகிறது. அதில் எனக்குச் சண்டை இல்லை. என் வீட்டம்மாவும் போகிறாள், பைக்கில் கொண்டுபோய் விடுவது நான்தான்.

உன் பையனுக்கு வருகிறேன். அவன் கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள் என்று நீயே மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய், வீட்டுக்கடன் வேறு. கூட வேலை பார்க்கிறவனிடம் பயத்தைச் சொன்னால் அது மேனேஜர் காதுக்குப் போகும். பெண்டாட்டியிடம் சொன்னால் அவள் பயப்படுவாள். உன்னிடம் சொன்னால், ‘நான் ஒரே ஆபீசில் முப்பது வருஷம் இருந்தேன்’ என்று ஆரம்பிப்பாய். (ஆரம்பிப்பாய், மறுக்காதே.) அரை மணி நேரம் அவன் கதையை மட்டும் கேட்க ஒரு ஆள் கிடைத்தான், உன் பையன் காசு கொடுத்தான். இங்கே மஞ்சள் பையோடு வருகிறவர்களும் அதற்குத்தான் வருகிறார்கள்.

அதனால் அந்த பில்லை எடுத்துக்கொண்டு அவனிடம் சண்டைக்குப் போகாதே. அடுத்த முறை வரும்போது, ‘ஜோசியர்கிட்ட என்னடா கேட்டே?’ என்று மட்டும் கேள். அவர் சொன்ன பதிலைக் கேட்காதே, இவன் கேட்ட கேள்வியைக் கேள். சொல்லி முடிக்கும் வரை வாயைத் திறக்காதே. உனக்கு அது கஷ்டம்தான்.

இன்னொன்று. தங்கச்சி கேட்டிருந்த கேழ்வரகு மாவு அரைத்து வைத்திருக்கிறேன், கூடவே கொஞ்சம் புளியும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ்ஸில் தெரிந்த டிரைவரிடம் கொடுத்து விடுகிறேன். கோயம்பேட்டில் விடியற்காலை நீயே போய் வாங்கிக்கொள், பையனை அனுப்பாதே.

அன்புடன்,
உன் மச்சான்