ஞாயிறு ஆட்டம்: பாத்திரப் பெயர்கள்

நண்பர்களுக்கு வணக்கம். ஆளுக்கொரு பாத்திரமேற்று பகடை உருட்டி ஆடும் நம் ஆட்டத்தில், ஞாயிறன்று புதிய கதை தொடங்குகிறது. உங்கள் பாத்திரத்தின் பெயரைச் சனி இரவுக்குள் இங்கே பதிவிட்டுவிடுங்கள்.

போன கதையில் கேலனும் கேரனும் ஒரே அணியில் இருந்தார்கள். "பூதம் கேலனைப் பிடித்துவிட்டது" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கேரனாக ஆடியவர் பகடையை உருட்டிவிட்டார். ஆகவே இம்முறை இரண்டு பெயர்கள் ஒரே எழுத்தில் தொடங்க வேண்டாம். சண்டை நடுவே கூப்பிட வாகாக, சிறிய பெயராக இருக்கட்டும்.

பெயர் தோன்றவில்லையா? 1974-இல் வெளிவந்த, இதே வகையைச் சேர்ந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தின் முன்னோடி ஆட்டக்காரர்களைப் பாருங்கள். ஜிம் வார்டின் மந்திரவாதி 'டிராமிஜ்', அவர் பெயரையே ஆங்கில எழுத்தில் பின்னிருந்து படித்தது. அந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸின் மகன் எர்னஸ்டின் பெயரெழுத்துகளை இடம் மாற்றினால் அவருடைய பாத்திரம் 'டென்சர்'. இன்னொரு மகன் லூக்கின் பாத்திரக் குறிப்புத் தாளில் ஆண் என்பதற்கு ஆங்கில 'எம்', பக்கத்தில் 'எல்ஃப்' என்ற கற்பனை இனம். சேர்த்துப் படித்தால் 'மெல்ஃப்'! மூன்றும் இன்று விதிநூலில் மந்திரங்களின் பெயர்களாக நிற்கின்றன.

கேலிப் பெயர் மட்டும் வேண்டாம். பத்தாவது அமர்வில் அந்த வீரன் விழுந்தால், அந்தப் பெயரைச் சொல்லித்தான் நாம் அழ வேண்டும்.