காஸல்ஸ் கண்டெடுத்தது அச்சுப் புத்தகம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வயலின் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய வாத்தியமான செல்லோவின் மேதை பாப்லோ காஸல்ஸ் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தோம். சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியை ஏற்காமல் கடைசிவரை அவர் ஸ்பெயினுக்கு வெளியிலேயே வாழ்ந்ததை நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால், ‘காணாமல் போயிருந்த பாக்கின் கையெழுத்துப் பிரதியைக் கண்டெடுத்தார்’ என்பது தவறு. தனிச் செல்லோவுக்காக ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் இயற்றிய ஆறு இசைத் தொகுப்புகளை அவரே கைப்பட எழுதிய பிரதி இன்றுவரை கிடைக்கவில்லை. இருப்பவை அவர் மனைவி அன்னா மக்டலேனாவும் வேறு சிலரும் எடுத்த நகல்கள். ஆறு தொகுப்புகளும் 1824-லேயே பாரிஸில் அச்சேறிவிட்டன. 1890-ல் பார்சிலோனாவின் பழைய இசைநூல் கடையில் 13 வயதுப் பையன் காஸல்ஸ் கையில் அகப்பட்டது ஓர் அச்சுப் பதிப்புதான்.

அன்றைய செல்லோக்காரர்கள் அந்தத் தொகுப்புகளை விரல் பயிற்சிக்கு வைத்திருந்தார்கள். மேடையில் ஒன்றிரண்டு துண்டுகளை வாசிப்பதோடு சரி. ஒரு தொகுப்பை முழுவதுமாக மேடையேற்றத் துணிவதற்குக் காஸல்ஸுக்குச் சுமார் 12 ஆண்டு சாதகம் தேவைப்பட்டது. அந்தச் சாதகத்தில் கைகள் என்ன செய்தன என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாததுதான் எங்களுக்குப் பெரிய குறை.

அக்காலத்தில் மாணவனின் வலது அக்குளில் ஒரு புத்தகத்தை இடுக்கிக்கொள்ளச் சொல்வார்கள். அது விழாமல் வில் போட வேண்டும். முழங்கை உடம்போடு ஒட்டிவிட்டால், வில்லின் நுனியை நெருங்கும்போது மணிக்கட்டு ஒன்றுதான் திரும்பும். வில் தந்திக்குக் குறுக்கே நேராக நிற்காமல் சாய்ந்து விரற்பலகைப் பக்கம் வழுக்கும், நாதம் மெலியும். காஸல்ஸ் அந்தப் புத்தகத்தை விட்டொழித்துத் தோளிலிருந்தே கையை வீசினார்.

இடது கையில் செய்தது இன்னும் பெரிய காரியம். வயலினில் தந்தி அதிரும் நீளம் ஏறக்குறைய 33 செ.மீ.; செல்லோவில் 69. எனவே செல்லோவின் தாழ்ந்த சுரங்கள் பிடிக்கும் பகுதியில், ஆள்காட்டி விரலிலிருந்து சுண்டுவிரல் வரை மூன்று அரைச்சுர (அடுத்தடுத்த இரு சுரத்தானங்களுக்கு நடுவிலான) இடைவெளிகள்தான் இயல்பாக அடங்கும். நான்காவது தேவைப்பட்டால் கையையே நகர்த்துவார்கள். நகர்த்தும்போதெல்லாம் ஓர் இழுப்புச் சத்தம் கேட்கும். காஸல்ஸ் விரலை விரித்து அதை எட்டினார். எட்டியதும் மற்ற விரல்களை அதன் பக்கம் சேர்த்துக்கொண்டார். விரித்த கையை விரித்தபடி வைத்திருக்கவில்லை. மாணவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். கட்டைவிரலைப் பழைய இடத்திலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு சுண்டுவிரலை மட்டும் நீட்டுவார்கள். சுரம் எட்டாமல் தாழ்ந்து நிற்கும், உள்ளங்கை பிடித்துக்கொள்ளும். கட்டைவிரல் நடுவிரலுக்கு நேர் பின்னே இருந்து, அதோடு சேர்ந்தே அரைச்சுரம் நகர வேண்டும்.

சுருதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மேல் ஸட்ஜத்துக்குப் போகிற நிஷாதத்தை அதை ஒட்டியே, சற்றுக் கூட்டிப் பிடிக்கச் சொன்னவர் காஸல்ஸ். தனிச் சுரமாகப் போகும்வரை இது அழகு. இரண்டு தந்திகளைச் சேர்த்து மீட்டும்போது கணக்கு மாறும். மேற்கத்திய சுரப்பெயரில் டி எனப்படும் தந்தியில் ஆள்காட்டி விரல் வைக்கும் ஈ சுரத்தை, திறந்த (விரல் வைக்காத) ஏ தந்தியோடு சேர்த்துச் சுத்தமாக நிறுத்திப் பாருங்கள். அதே விரலை அசைக்காமல் திறந்த ஜி தந்தியோடு சேர்த்தால் அது சுருதி கூடி ஒலிக்கும். வித்தியாசம் அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. விரலை மயிரிழை பின்னுக்குச் சாய்த்தால்தான் சேரும்.

இத்தனையும் இசைத்தட்டில் கேட்கலாம். 1936 நவம்பரில் லண்டனில் 2, 3-ஆம் தொகுப்புகள், பாரிஸில் 1938-ல் 1, 6, 1939-ல் 4, 5 என ஆறு தொகுப்புகளையும் பதிவு செய்தார். தொடங்கும்போது அவருக்கு 60 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அந்நாள் தட்டின் ஒரு பக்கம் நான்கு நிமிடச் சொச்சம். வெட்டி ஒட்ட வழியில்லை. ஓரிடம் பிசகினால் அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி வாசிக்க வேண்டும். ஆறாவது தொகுப்பு ஐந்து தந்தி வாத்தியத்துக்கு எழுதப்பட்டது. அதை நான்கு தந்தியில் வாசிக்க, கட்டைவிரலையே தந்தியின் மேல் படுக்கவைத்து உச்சிக்கு ஏற வேண்டும். கட்டைவிரலின் பக்கவாட்டுத் தோல் காய்த்துப்போகும் வரை சுரம் தெளிவாக வராது. வாசகர்கள் அந்தத் தொகுப்பின் முதல் பகுதியைக் கேட்டுப் பார்க்கட்டும்.

கையெழுத்துப் பிரதி பற்றிய வரியை அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தி வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செல்லோ ஆசிரியர்கள் சிலர்