அந்த மூலையை நிரப்ப வேண்டாம், பிள்ளை

அன்பு மகளுக்கு,

நேற்று கனடாவிலிருந்து போனில் நீ சொன்னதைக் கேட்டதிலிருந்து மனம் சரியில்லை, அதுதான் விடிய எழும்பின கையோடு இதை எழுதுகிறேன். வளவின் பின்மூலையில் நாம் வைத்த சதுப்பு ரோசா பட்டுப்போச்சு அப்பா, வெறும் தடிதான் நிற்குது, பனி கரைந்ததும் பிடுங்கி எறிந்துவிட்டு அந்த மூலையை லொறி மண் இறக்கி நிரப்பப் போகிறோம் என்றாய். மருமகனும் பக்கத்தில் நின்று ஓம் ஓம் என்றார். நான் வாய் திறப்பதற்குள் உன் சின்னவள் போனைப் பறித்துக்கொண்டாள், பிறகு கதை எங்கேயோ போய்விட்டது.

பிள்ளை, அது பட்டுப்போகவில்லை. அந்தச் செடி குளிர்காலம் முழுக்க இலையில்லாமல்தான் நிற்கும், அதன் குணம் அது. இங்கே நம் வேலியில் கார்த்திகைப்பூக் கொடி இப்போது காய்ந்து சருகாகத் தொங்குகிறது, தொட்டால் பொடியாகிறது. அதைப் பார்த்து நீ செத்துப்போச்சு என்று சொல்வாயா? கிழங்கு மண்ணுக்குள் கிடக்கிறது, அடுத்த மழைக்குத் தானே கிளம்பி வரும் என்று சின்ன வயதிலேயே உனக்குத் தெரியும். அந்த ரோசாவுக்குக் கிழங்கு இல்லை, ஆனால் உயிர் தடியிலும் வேரிலும் இருக்கிறது. சந்தேகமென்றால் குளிர் கொஞ்சம் தணிந்த ஒரு நாளில் போய், அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தடியின் தோலை நகத்தால் மெல்லக் கீறிப் பார். உள்ளே பச்சையாக ஈரம் தெரியும். நுனிகள் கறுத்திருந்தாலும் பயப்படாதே, நுனி கருகுவது சாதாரணம். மைனஸ் முப்பது பாகை வரைக்கும் தாங்குகிற செடி அது.

மூலையை நிரப்புகிற கதைதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. ஏனென்றால் அந்தப் பிழையை நான் இங்கே செய்து பார்த்தவன். உனக்கு அது முழுதாகத் தெரியாது, நீ அப்போது படிக்க வெளியே போயிருந்தாய்.

போர் முடிந்த பிறகு 2010இல் நாங்கள் இங்கே திரும்பி வந்தபோது வளவில் மிஞ்சியிருந்தது கிணறும் கிளுவை வேலியும்தான். வேலிக் கதியால்கள் எல்லாம் யாரும் பார்க்காமலே தழைத்து மரமாகி நின்றன. அடிவளவு, வாய்க்கால் பக்கம், எப்போதும் போலச் சதசதவென்று இருந்தது. தறப்பாளுக்குக் கீழே இருந்துகொண்டு அம்மா ஒரு நாள் சொன்னா, வீடு கட்டினால் முன்னுக்கு ரோசா வைக்க வேண்டும் என்று. அந்தச் சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். வீடு எழும்பினதும் நாலு உழவு இயந்திரப் பெட்டி கிறவல், அதுதான் சரளை மண், ஏற்றி அந்தப் பள்ளத்தை மூடினேன், மலைநாட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒட்டு ரோசாக் கன்றுகள் பன்னிரண்டு வாங்கி வரிசையாக நட்டேன். முதல் மாரிக்கே தெரிந்துவிட்டது. தண்ணீருக்குப் போக இடமில்லை, குசினிக்குள் வந்து நின்றது. கிறவலுக்கு அடியில் ஈரம் அப்படியே கட்டுப்பட்டுக் கிடந்ததால் ரோசா எல்லாம் வேரழுகி, இலை மஞ்சளாகி, ஒவ்வொன்றாகச் சாய்ந்தது. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து, புளித்த நாற்றம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவ ஒன்றும் சொல்லாததுதான் எனக்கு இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

அடுத்த கோடையில் நானே மண்வெட்டியோடு இறங்கி, இரண்டு கிழமை, அந்தக் கிறவலை அள்ளி ஒழுங்கைக்குப் போட்டேன். பள்ளம் திரும்பப் பள்ளமானது. இப்போது அங்கே வல்லாரையும் பொன்னாங்காணியும் கமுகும் வாழையும் நிற்கிறதை நீயே வந்து பார்த்தாய். 2018 மார்கழியில் கிளிநொச்சிப் பக்கம் வெள்ளம் வந்து இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்ந்த நாட்களில் அந்தப் பள்ளம்தான் எங்கள் வளவுத் தண்ணீரை வாங்கி வைத்தது, குசினி காய்ந்து கிடந்தது. மேட்டில் முதிரை, குளக்கட்டில் மருது. மருதை மேட்டில் வைத்து வாட்டுவதும் முதிரையைத் தண்ணீரில் நட்டு அழுக வைப்பதும் நம் பிழை, மரத்தின் பிழை இல்லை.

உன் வளவின் பின்மூலையும் அப்படித்தான். கூரைக் குழாய்த் தண்ணீர் அங்கே வருகிறது, பனி கரைந்தால் வைகாசி நடு வரைக்கும் ஈரம் நிற்கிறது, களிமண் வேறு. நீங்கள் அதில் புல் வைக்க மூன்று முறை முயன்றீர்கள் என்றாய். நான் அங்கு வந்து நின்ற முதல் கிழமையே அந்த மூலையில் சப்பாத்துப் புதைந்தது, அப்போதே நினைத்தேன், இதற்கென்று ஒரு செடி இந்த நாட்டில் கட்டாயம் இருக்கும் என்று. அதனால்தான் உன்னை இழுத்துக்கொண்டு அந்த உள்நாட்டுச் செடிகள் விற்கும் இடத்துக்குப் போனேன். சட்டியில் குத்தியிருந்த பெயர்த்தாளை நீ வாசித்தாய், ரோசா பலஸ்ட்ரிஸ். பலஸ்ட்ரிஸ் என்றால் சதுப்பில் வாழ்வது. 1785இல் ஹம்ப்ரி மார்ஷல் என்ற பென்சில்வேனியாக்காரர் வைத்த பெயர். ஆனால் அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே அது நோவா ஸ்கோசியாவிலிருந்து புளோரிடா வரைக்கும் ஆற்றங்கரையிலும் சதுப்பிலும் நின்ற செடி, உன் ஒன்ராறியோவின் தெற்கிலும் அது சொந்தக்காரன். மற்ற ரோசாவுக்கு நஞ்சாகிற ஈரம் இதற்குச் சாப்பாடு.

அந்த மூன்று பூக்கள் நினைவிருக்கா? வைத்த அந்த வருடமே ஆடியில் பூத்ததே. நான் காலைத் தேத்தண்ணியோடு போய்க் குந்திக்கொண்டிருந்து பார்ப்பேன். ஐந்தே இதழ், மெல்லிய ரோசாநிறம், நடுவே மஞ்சள் மகரந்தத் தாள்கள் ஒரு வட்டமாக விரிந்து. கடைப் பூவைப் போல அடுக்கடுக்காய் இல்லை, ஆனால் மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் அந்த வாசம் தொண்டை வரைக்கும் இறங்கும். ஒரு தடித்த மயிர்த் தேனீ வந்து பூவின் நடுவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உடம்பை உதறும், உதறும்போது ஒரு கூரான ரீங்காரம், மகரந்தம் பொடியாகக் கொட்டும். இரண்டு மூன்று நாளில் இதழ் உதிர்ந்துவிட்டது. சின்னவள் அழுதாள், ஞாபகமா? பிறகு அதே இடத்தில் சிவப்புக் காய் வந்ததும் சிரித்தாள்.

அந்த இலைக் கதையும் சொல்ல வேண்டும். இலை ஓரத்தை யாரோ கத்தரிக்கோலால் அரைவட்டமாக வெட்டின மாதிரி இருக்கிறது என்று நீ மருந்துப் போத்தலோடு ஓடி வந்தாய், நான் தடுத்தேன். அது இலை வெட்டும் தேனீ. வெட்டின துண்டைக் கொண்டுபோய்த் தன் கூட்டுக்குள் சுருட்டி, அதற்குள் முட்டை வைக்கும். இங்கே நம் காகிதப்பூவிலும் துவரையிலும் அதன் இனம் இதே வேலையைச் செய்கிறது. செடிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. இந்த வருடமும் வெட்டும், விட்டுவிடு. பச்சையும் செம்பும் கலந்து மினுங்குகிற ஜப்பான் வண்டு வந்து இலையைச் சல்லடையாக்கினால் மட்டும், காலையில் அது மந்தமாக இருக்கும் நேரம் தட்டிச் சவர்க்காரத் தண்ணீரில் விழுத்து. மருந்து அடிக்காதே, தேனீயும் சேர்ந்து சாகும்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், மருமகனுக்கும் வாசித்துக் காட்டு. பாதையில் உப்புப் போட்ட பனியை அள்ளி அந்த மூலையில் குவிக்க வேண்டாம், அது முதலாவது. முயல் வந்து தடியின் தோலைக் கறும்பும், அடியைச் சுற்றிக் கம்பிவலை கட்டு. பனி போனதும் கத்தரியை எடுக்காதே. போன வருடத் தடியில்தான் இந்த வருடப் பூ, இளவேனிலில் வெட்டினால் மொட்டோடு வெட்டுகிறாய். செத்த நுனியை மட்டும் தளிர் வந்த பிறகு எடு. மற்ற வெட்டெல்லாம் பூத்து முடிந்த பின், அதுவும் மூன்று நாலு வருடம் போய்ச் செடி அடர்ந்தால் பழைய தடிகளை அடியோடு எடுத்துவிடு, போதும்.

உரம் என்று யூரியா ஒன்றும் வேண்டாம். அது இலையை வளர்த்துப் பூவைக் கெடுக்கும். இலையுதிர் காலத்தில் நீங்கள் கடுதாசிப் பையில் கட்டி வீதியில் வைக்கிறீர்களே, அந்தச் சருகை அங்கேயே நாலு விரல் உயரத்துக்குப் பரப்பு, தண்டோடு ஒட்டாமல். இதற்குக் கொஞ்சம் புளிப்பு மண்தான் பிடிக்கும், உங்கள் பக்கம் சுண்ணாம்பு கலந்த களி. நரம்பு பச்சையாகவும் மற்றது மஞ்சளாகவும் இலை வெளிறினால் அதுதான் காரணம், மக்கின சருகு போடப் போட மெல்லச் சரிவரும். முதல் இரண்டு கோடை மட்டும் மண் காயாமல் பார், ஆவணியில் அந்த மூலையும் வெடித்ததை நான் கண்டேன். வெயில் நன்றாகப் பட்டால் பூ கூடும், அந்தப் பக்கத்து மேப்பிள் கிளையில் ஒன்றைக் கழிக்கக் கேட்டுப் பாருங்கள்.

அது ஆள் உயரத்துக்கு மேல் வளரும், மண்ணுக்கடியில் வேர் ஓடி அங்கங்கே குட்டி விடும். வேலிக்கு அப்பால் போகிற குட்டியை மண்வெட்டியால் வெட்டிவிடு, வேரோடு வந்ததைச் சட்டியில் வைத்து யாருக்கும் கொடு. முள் வளைந்தது, தடித்தது, சின்னவளின் உடுப்பில் கொளுவும், கவனம்.

இன்னொன்று. பக்கத்து வீட்டுக்காரர் தன்னிடமும் காட்டு ரோசா இருக்கிறது, தடி தருகிறேன் என்றாரே, அதை வாங்க வேண்டாம். அது கொத்துக் கொத்தாய்ச் சின்ன வெள்ளைப் பூப் பூக்கிறது. இலைக்காம்பின் அடியை என் கண்ணாடி போட்டுப் பார்த்தேன், சீப்புப் பல் மாதிரி மயிர் மயிராகப் பிரிந்திருந்தது. அது கிழக்காசியாவிலிருந்து வேலிக்காகவும் ஒட்டுக்காகவும் கொண்டுவந்து, பிறகு காடெல்லாம் பரவி மற்றதை நெருக்குகிற மல்டிபுளோரா என்ற ரோசா. நம்முடையதில் அந்த இடம் மழமழவென்று ஒடுங்கியிருக்கும்.

அந்த மூன்று காயையும் குருவி விட்டு வைத்திருந்தால் ஒன்றைச் சின்னவளுக்குப் பிடுங்கிக் கொடு. விதையைக் கழுவி, ஈர மணலோடு ஒரு பையில் போட்டு, பிரிட்ஜில் மூன்று மாதமாவது வைக்க வேண்டும், குளிர் பட்டால்தான் முளைக்கும், சிலது அடுத்த வருடம் வரைக்கும் படுத்திருக்கும். பனங்கொட்டைப் பாத்தி போட்டுவிட்டுக் கிழங்குக்குக் காத்திருந்த பிள்ளை நீ, அவளுக்கும் காத்திருக்கக் காட்டிக் கொடு. காய்க்குள் இருக்கிற மயிர் கையில் கடிக்கும், கையுறை போடச் சொல்லு.

அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது, வாய்க்கால் நிறைய ஓடுகிறது.

மருமகனிடம் மண் லொறிக்குச் சொல்லியிருந்தால் நிறுத்தச் சொல்லு. நாளைக்குப் பின்னேரம் சின்னவளையும் கூட்டிக்கொண்டு போய்த் தடியைக் கீறிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் உடனே போன் எடு, உங்களுக்கு இரவானால் எங்களுக்கு விடிந்திருக்கும், நான் முழித்துத்தான் இருப்பேன்.

அப்பா
கிளிநொச்சி