மீட்டர் சும்மா இருந்தால் சுத்தம் என்று அர்த்தமில்லை

அன்புள்ள ராமு,

நாங்கள் எல்லோரும் நலம். இங்கே குறுவை அறுத்தாயிற்று, சம்பா நடவு நடக்கிறது. குடமுருட்டியில் தண்ணீர் தாராளமாகவே வருகிறது.

மகளுக்கு அணு எரிபொருள் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். "கையில் கீறல் பட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டிருந்தாய். வேலைக்காலம் முழுக்க கதிரியக்கப் பாதுகாப்புப் பிரிவிலேயே இருந்தவன் நான், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

அணு எரிபொருளில் வரும் கதிரியக்க உலோகமான புளூட்டோனியம் விடும் ஆல்பா துகள் நல்ல தோலைத் தாண்டாது. ஆனால் க்ளவ் பாக்ஸுக்குள் (கையுறை பொருத்திய, மூடிய வேலைப் பெட்டி) கூரான ஏதாவது கையுறையைத் துளைத்து விரலில் ஏறினால், தூள் நேரே சதைக்குள் போய்விடும். அங்கிருந்து ரத்தத்தில் கலந்து ஈரலிலும் எலும்பிலும் தங்கும். எலும்பில் தங்கியது பாதியாகக் குறையவே சுமார் 50 வருஷம் ஆகும்.

அளப்பதுதான் கஷ்டம். சதைக்குள் ஆல்பா ஓடும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. காயத்தின் மேல் ரத்தம் லேசாகக் கசிந்திருந்தாலே ஆல்பா மீட்டர் ஒன்றும் காட்டாது. அதை நம்பி "சுத்தம்" என்று அனுப்பிவிட்டால் பெரிய தப்பு. துடைத்த பஞ்சைக் காயவைத்து அதிலிருந்து வரும் கதிர்களை எண்ண வேண்டும், குத்திய பொருளையும் எடுத்து வைத்து அதேபோல் எண்ண வேண்டும்.

காயத்துக்கென்றே மெல்லிய சோடியம் அயோடைடு டிடெக்டரோ ஜெர்மானியம் டிடெக்டரோ உண்டு. புளூட்டோனியத்திலிருந்து வரும் 13 முதல் 20 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (கதிரின் ஆற்றலைச் சொல்லும் அளவு) வரையிலான எக்ஸ் கதிரை அது பிடிக்கும். கூடவே இருக்கும் அமெரிசியம்-241 என்ற இன்னொரு கதிரியக்கப் பொருள் கிட்டத்தட்ட 60 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு காமா கதிர் விடும். எக்ஸ் கதிரைச் சதை சீக்கிரம் விழுங்கிவிடும், அந்தக் காமா கதிர் அவ்வளவாகக் குறையாது. இரண்டின் விகிதத்தைப் பார்த்தால் துணுக்கு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று ஊகிக்கலாம். மறு கையின் அதே விரலையும் அளந்து கழித்துக்கொள்வோம்.

ஆழம் தெரியாமல் போட்ட கணக்கு எனக்கு ஒருபோதும் திருப்தி தந்ததில்லை. மேலாக இருக்கிறது என்று நினைத்தது உள்ளே இருந்தால், உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகச் சொல்லிவிடுவோம். மருத்துவர் சதையை வெட்டி எடுக்கும்போதும் வெட்டிய துண்டை எண்ணி, காயத்தைத் திரும்ப எண்ணிச் சொல்வது எங்கள் பாதுகாப்புப் பிரிவு ஆள்தான். எங்கே நிறுத்துவது என்று அவர் முடிவு செய்ய அந்த எண்தான் உதவும். விரல் நுனியில் தேவைக்கு மேல் ஒரு நூல் வெட்டினாலும் அந்தக் கை பழையபடி வேலை செய்யாது, பார். புளூட்டோனியத்தைப் பிடித்துக்கொள்ளும் டிடிபிஏ என்ற மருந்தை ஊசியாகச் சீக்கிரம் போட்டால் ரத்தத்தில் கலந்ததைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும். எலும்பில் போய் உட்கார்ந்ததை அதனால் எடுக்க முடியாது. அப்புறம் பல நாள் சிறுநீரையும் சோதிப்பார்கள்.

மகளிடம் இரண்டு விஷயம் சொல். எவ்வளவு சின்னக் குத்தாக இருந்தாலும் உடனே சொல்லிவிட வேண்டும், "ஒன்றுமில்லை" என்று மறைக்கக் கூடாது. காயத்தை அளக்கும் கருவி எந்த அறையில் இருக்கிறது, ராத்திரி ஷிஃப்டில் அதை இயக்க யார் இருப்பார்கள் என்பதை முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். அவள் என்ன சொன்னாள் என்று எழுது.

அன்புடன்,
சேகர்
திருவையாறு