‘போர்டு போச்சு’ என்று தீர்ப்பு எழுதுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 நிறுவ வேண்டுமானால் டி.பி.எம். 2.0 பாதுகாப்பு வசதியும், இன்டெல் செயலியாக (பிராசஸர்) இருந்தால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ தேவைப்படுகிறது. தமிழக அரசு 2011 முதல் சில ஆண்டுகள் மாணவர்களுக்கு வழங்கிய பழைய விலையில்லா மடிக்கணினிகளில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவையும், அதே காலத்தில் காசு கொடுத்து வாங்கியவையும் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் வருவதில்லை. ஆகவே அவற்றில் பழைய விண்டோஸையே அழித்து மறுபடி போடுகிறார்கள். இல்லையென்றால் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறுகிறார்கள். எதைச் செய்தாலும் சிலருக்கு வாய்க்கும் தொல்லை ஒன்று உண்டு. படம் தெரியும், இணையம் கிடைக்கும், ஒலி மட்டும் வராது. அந்த வரிசையில் நானும் நின்றவன் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என்னுடையது 2014இல் வாங்கிய, நான்காம் தலைமுறை ஐ3 செயலியும் 4 ஜி.பி. நினைவகமும் கொண்ட மடிக்கணினி. அதில் லினக்ஸ் மின்ட் 22 பதிப்பை நிறுவினேன். திரையில் ஒலியளவுக் கோடு ஏறி இறங்கியது. ஒலிபெருக்கியோ வாய் திறக்கவில்லை. அருகிலுள்ள பழுதுநீக்கும் கடையில் மூடியைக்கூடத் திறக்காமல், “போர்டு போச்சு சார், சவுண்டு ஐ.சி. மாத்தணும், மூவாயிரத்து ஐந்நூறு ஆகும்” என்றார்கள். முந்தைய நாள் மாலைவரை பாட்டுப் பாடிய அந்த ஐ.சி. (ஒலிச் சில்லு), இயங்குதளத்தை மாற்றிய அந்த ஒரு மணி நேரத்தில் எப்படிச் செத்துப்போகும் என்ற கேள்வி எனக்கு எழுந்ததால், கணினியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் ஒலி அமைப்புகளைத் திறந்து பார்த்தபோது துப்பு அங்கேயே கிடந்தது. ஹெட்போன் எதுவும் செருகப்படாத நிலையிலும், ஒலி வெளியேறும் வழியாக ‘ஹெட்போன்’ என்றே கணினி காட்டிக்கொண்டிருந்தது. ஹெட்போன் செருகும் துளைக்குள் மெல்லிய உலோகத் தகடு ஒன்று இருக்கிறது. முள் உள்ளே போனதும் அது நகர்ந்து, ‘ஹெட்போன் வந்துவிட்டது, ஒலிபெருக்கியை நிறுத்து’ என்று சேதி சொல்லும். பல ஆண்டுப் பழக்கத்தில் என் கணினியின் தகடு தளர்ந்து, அந்தச் சேதியை ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. அப்படியானால் விண்டோஸில் மட்டும் எப்படிக் கேட்டது? சில ஆண்டுகளுக்கு முன் இதே கோளாறு வந்தபோது, உறவினர் ஒருவர் ரியல்டெக் ஒலிக் கட்டுப்பாட்டுப் பலகையில் அந்தக் கண்டறிதலை நிறுத்திவைத்திருந்தார், நான்தான் மறந்துபோயிருந்தேன். விண்டோஸை அழித்தபோது அந்த அமைப்பும் சேர்ந்து அழிந்தது, மூடிவைத்திருந்த பழைய கோளாறு வெளியே வந்தது.

சரிசெய்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். லினக்ஸில் கட்டளைகளைத் தட்டும் சாளரமான முனையத்தை (டெர்மினல்) திறந்து ‘ஆல்சாமிக்சர்’ (alsamixer) என்பதை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இடைவெளியின்றித் தட்டி என்டர் விசையை அழுத்தினால், செங்குத்துக் கம்பிகளாக ஒலியளவுகள் தெரியும். நான்காம் தலைமுறைக் கணினிகளில் எச்.டி.எம்.ஐ. (வெளித்திரையை இணைக்கும் துளை) வழி ஒலிக்குத் தனி ஒலி அட்டை காட்டப்படுவதும், அதுவே பட்டியலில் முதலில் நிற்பதும் வழக்கம். எஃப்6 விசையை அழுத்தி, பெயர் பி.சி.எச். (PCH) என்று முடியும் மற்ற அட்டையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கம்பியின் அடியில் இரண்டு ‘எம்’ எழுத்துகள் இருந்தால் அந்த வழி ஊமையாக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். எம் விசையை அழுத்தினால் திறந்துகொள்ளும். பலருக்கு இந்த இடத்திலேயே பிரச்சினை தீர்ந்துவிடும். எனக்குத் தீரவில்லை. வலப்பக்க அம்புக்குறியால் கடைசிவரை நகர்ந்து, ‘ஆட்டோ-மியூட் மோட்’ என்பதை நிறுத்திவைத்தேன். பிறகு ‘பல்ஸ் ஆடியோ வால்யூம் கண்ட்ரோல்’ என்ற சிறு மென்பொருளில், ஹெட்போனுக்குப் பதிலாக ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தேன். அடுத்த நொடியே ஒலி வந்தது. செலவு ஒரு ரூபாயும் இல்லை.

விண்டோஸையே மறுபடி போட்டவர்களின் நிலை சற்று வேறு. அங்கே மைக்ரோசாஃப்ட்டின் பொதுவான ஒலி இயக்கி (கருவியை இயங்கவைக்கும் ‘டிரைவர்’ மென்பொருள்) தானாகவே அமர்ந்துகொள்ளும். ஆனால் சில பழைய மாடல்களில் அது ஒலிபெருக்கியைச் சரியாக இயக்குவதில்லை. டிவைஸ் மேனேஜரில் ஒலிக் கருவியின் ‘ஹார்டுவேர் ஐடி’யைப் பார்த்தால் அதில் வெண்டர் எண், அதாவது ஒலிச் சில்லைத் தயாரித்த நிறுவனத்தின் எண், இருக்கும். 10இசி என்றால் ரியல்டெக், 14எஃப்1 என்றால் கோனக்ஸன்ட். அந்த எண்ணையும் கணினியின் மாடலையும் வைத்துத் தயாரிப்பாளரின் இணையதளத்திலும், அங்கே இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாகிலும் உரிய இயக்கியைத் தேடலாம். எல்லா இயக்கிகளையும் ஒரே சொடுக்கில் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களின் பக்கம் மட்டும் போக வேண்டாம். ஒலி வருகிறதோ இல்லையோ, விளம்பரங்கள் நிச்சயம் வரும்.

பழுதுநீக்கும் கடைக்காரர்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. நாளுக்குப் பத்துக் கணினி பார்ப்பவருக்கு ஒவ்வொன்றின் பூர்வீகமும் தெரியாது. ஆயினும் வட்டை அழிக்குமுன் இரண்டு காரியங்களைச் செய்யலாம். ஒலிக் கருவியின் அடையாள எண்ணை ஒரு சீட்டில் குறித்து வாடிக்கையாளரிடம் கொடுக்கலாம். லினக்ஸ் போடுவதாக இருந்தால், பென் டிரைவிலிருந்தே அதை நேரடியாக ஓடவிட்டு, நிறுவுவதற்கு முன்பே ஒரு பாட்டைப் போட்டுக் காட்டலாம். இவ்விரண்டுக்கும் கால் மணி நேரம்கூட ஆகாது. தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கம் புதிய கைபேசிகளுக்குத் தரும் இடத்தில் ஒரு பத்தியையாவது இத்தகைய பழைய கருவிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் கணினியின் அந்தத் தளர்ந்த தகட்டை இன்னும் மாற்றவில்லை. ஹெட்போன் போட்டுக் கேட்க வேண்டுமானால் நானே அமைப்பில் போய் மாற்றிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.